ஒன்பது பந்து ஆட்டத்தில் ஜெயிப்பது திறமையா, அதிர்ஷ்டமா?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் ஆச்சியின் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் மகனுக்குப் பத்தொன்பது வயது. காரைக்குடியில் ஒரு பூல் பார்லரில் மாலைதோறும் ஆடுகிறான். அங்கே அவனை ஜெயிக்க ஆள் இல்லை. உலக நைன்-பால் (ஒன்பது பந்து பூல்) சாம்பியன்ஷிப்பின் காணொளியை வீட்டில் போட்டுக் காட்டி, ஒரு நாள் தானும் அங்கே ஆடப்போவதாகச் சொல்கிறான். கூட உட்கார்ந்து பார்த்த உங்கள் அப்பச்சி, முதல் அடியிலேயே 9ஆம் எண் பந்து எப்படியோ உருண்டு விழுந்து ஒருவர் ஜெயிப்பதையும், எதிராளி கியூ எனும் ஆட்டக் கோலைத் தொடாமலே நாற்காலியில் உட்கார்ந்தபடி வரிசையாகத் தோற்பதையும் பார்த்துவிட்டு, 'இது சீட்டாட்டத்துக்கு அண்ணன்' என்று சொல்லிவிட்டார். இது விளையாட்டா, சூதாட்டமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் கவலை வேறு என்று நினைக்கிறேன்: அதிர்ஷ்டம் இந்த அளவுக்குப் புகுந்து புறப்படும் ஓர் ஆட்டத்தில் ஒரு பையன் பத்து வருடத்தைப் போட்டால், அவனுடைய திறமை கடைசியில் கணக்கில் ஏறுமா என்பதுதான் அது.

என்னைப் பற்றி ஓரிரு வரிகள். என் தகப்பனார் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கிளப்பில் மார்க்கராக (மேசையைக் கவனித்துப் புள்ளி குறிப்பவராக) இருந்தவர். நான் முப்பத்தொரு வருடமாக ஸ்னூக்கர், பூல் மேசைகளுக்குத் துணி மாற்றுவதையும் அடியிலிருக்கும் கல்லுக்கு மட்டம் பார்ப்பதையும் தொழிலாகச் செய்கிறேன். இடையிடையே போட்டிகளில் நடுவராக நின்றிருக்கிறேன். நல்ல ஆட்டக்காரன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் எங்கே தோற்றார்கள் என்பதை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அப்பச்சியின் சந்தேகத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குச் சரித்திரமே ஆதாரம் தருகிறது. 'பூல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே பலர் சேர்ந்து போடும் பந்தயப் பணம் என்ற பொருள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் அறைகளை 'பூல் ரூம்' என்றார்கள். ஒரு பந்தயத்துக்கும் அடுத்த பந்தயத்துக்கும் நடுவில் பொழுது போவதற்காக அங்கே பில்லியர்ட்ஸ் மேசைகளைப் போட்டார்கள். நாளடைவில் அறையின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே இந்த ஆட்டம் சூதாட்டக்காரர்களின் வாசலில் வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. இன்றும் பல பார்லர்களில் பையன்கள் நூறு, இருநூறு என்று வைத்து ஆடுகிறார்கள். உங்கள் மகன் எந்தப் பணத்துக்கு ஆடுகிறான் என்பதை நீங்கள் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போவது ஆட்டத்தின் உள்ளமைப்பைப் பற்றி மட்டும்.

முதலில் விதி. மேசையில் 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகளும் ஒரு வெள்ளைப் பந்தும் இருக்கும். வெள்ளைப் பந்து ஒவ்வோர் அடியிலும் மேசையில் மீதமுள்ளவற்றில் மிகச் சிறிய எண் கொண்ட பந்தைத்தான் முதலில் தொட வேண்டும்; தொட்ட பிறகு எந்தப் பந்து பாக்கெட்டில் விழுந்தாலும் செல்லும்; முறையான அடியில் 9ஆம் பந்து விழுந்தால் அந்த ரேக் (ஒரு முறை அடுக்கிய பந்துகளோடு ஆடும் ஆட்டம்) முடிந்தது, அடித்தவருக்கு ஒரு புள்ளி. ஃபவுல் (விதிமீறல்) செய்தால், எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். மூன்று முறை தொடர்ந்து ஃபவுல் செய்தவருக்கு அந்த ரேக்கே போய்விடும். எந்தப் பந்து எந்தப் பாக்கெட் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால், ஃப்ளூக், அதாவது நினைக்காமல் விழும் பந்து, இங்கே செல்லுபடியாகும். ஆக, ஒரே ஒரு ரேக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அப்பச்சி சொல்வது பெருமளவு உண்மை.

அதிர்ஷ்டம் பெரிதும் நுழையும் வாசல் பிரேக் எனப்படும் முதல் அடிதான். அதை அடைப்பதற்காகவே விதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். பந்துகளை அடுக்கும்போது இடைவெளி விழாமலிருக்க, மெல்லிய தகடு ஒன்றைத் துணியின் மேல் விரித்து அதன் மேல் அடுக்குகிறார்கள். பழைய முறையில் முன்னால் நிற்கும் 1ஆம் பந்துதான் மேசைப் புள்ளியின் மேல் இருக்கும். இப்போது பல பெரிய போட்டிகளில் நடுவிலிருக்கும் 9ஆம் பந்தைப் புள்ளியில் வைத்து, அடுக்கு முழுவதையும் முன்னே நகர்த்துகிறார்கள். இப்படிச் செய்தால், முன்பெல்லாம் சொல்லிவைத்தாற்போல் மூலைப் பாக்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஓரப் பந்து இப்போது எளிதில் போகாது. பிரேக்கில் குறைந்தது மூன்று பந்துகள் பாக்கெட்டில் விழ வேண்டும் அல்லது அடிப்பவர் பக்கத்துக் கோட்டைத் தாண்டி வர வேண்டும் என்று ஒரு விதி. மெதுவாகத் தட்டி ஒரு பந்தைத் திருடும் உத்தியைத் தடுப்பதற்கு. பிரேக்கில் 9 விழுந்தால் வெற்றி என்பது பொது விதி. சில போட்டிகளில் அடுக்குக்குப் பின்னாலுள்ள இரண்டு மூலைப் பாக்கெட்டுகளில் அது விழுந்தால் எடுத்துத் திரும்பவும் வைத்துவிடுவார்கள். இவ்வளவு அடைத்த பிறகும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் அதிர்ஷ்டம் வரத்தான் செய்கிறது.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் நேரில் கற்றுக்கொண்ட ஒரு சம்பவம் உண்டு. இருபது வருடத்துக்கு முன், எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு மேசைகளைப் போட்டு ஒரு போட்டி நடத்தினார்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதால், மூன்று ரேக் முதலில் எடுத்தவர் வெற்றி, தோற்றவர் வெளியே என்று முடிவு. நான்தான் நடுவர், நானும் அதற்குத் தலையாட்டினேன். வந்தவர்களில் மிகத் திறமையான பையன், பள்ளத்தூர்க்காரன், இரண்டாம் சுற்றில் ஒரு புதியவனிடம் மாட்டினான். புதியவனின் முதல் பிரேக்கில் 9 நேராகப் பக்கவாட்டுப் பாக்கெட்டில் விழுந்தது. அடுத்த ரேக்கைப் பள்ளத்தூர்க்காரன் சுத்தமாக முடித்தான். மூன்றாவதில் புதியவன் 4ஐ அடிக்கப்போய்த் தவறவிட்டு, அந்தப் பந்து மூன்று குஷன் (மேசையின் ரப்பர் விளிம்பு) சுற்றி வந்து 9ஐத் தள்ளிவிட்டது. நான்காவதில் ஒரு சிறு பிழை, அவ்வளவுதான். அந்தப் பையன் கியூவைக் கழற்றிப் பைக்குள் வைத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று குற்றவாளி ஆட்டம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குற்றம் மூன்று ரேக் என்று வகுத்தவர்களுடையது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கணக்காகப் பார்ப்போம். இரண்டு பேரில் ஒருவர் சற்றே மேலானவர். நூறு ரேக் ஆடினால் 60 எடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரேக் ஆட்டத்தில் அவர் ஜெயிக்க வாய்ப்பு நூற்றுக்கு 60. மூன்று ரேக் முதலில் எடுப்பவர் என்றால் 68. ஒன்பது ரேக் என்றால் சுமார் 80. பதினைந்து ரேக் என்றால் சுமார் 86. ஆட்டம் நீள நீள ஃப்ளூக்குகள் இரண்டு பக்கமும் பங்கிடப்பட்டு ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, திறமையின் சிறு வித்தியாசம் மேலே மிதந்து வருகிறது. உலகச் சாம்பியன்ஷிப்பின் அமைப்பே இந்தக் கணக்கின் மேல் கட்டியதுதான். அண்மைய ஆண்டுகளில் 128 பேர் தொடங்குகிறார்கள். முதல் கட்டத்தில் ஒன்பது ரேக் ஆட்டங்கள், ஒரு முறை தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. 64 பேராகக் குறைந்த பிறகு பதினொரு ரேக், தோற்றால் வீடு. இறுதியாட்டம் பதினைந்து ரேக். 2024இல் ஜெட்டாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஃபெடோர் கோர்ஸ்ட், எக்லெண்ட் காசியை 15-14 என்று ஜெயித்தார். இருபத்தொன்பது ரேக் ஆடித்தான் ஆளைப் பிரிக்க முடிந்தது.

அப்பச்சியை மிகவும் உறுத்தியது அந்த நாற்காலிதான் என்று எழுதியிருந்தீர்கள். ஜெயித்தவரே அடுத்த பிரேக்கையும் அடிக்கும் முறையில், ஒருவர் ஐந்து ஆறு ரேக்குகளைத் தொடர்ந்து முடிக்க, மற்றவர் துண்டால் கியூவைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரணம். இது அநியாயம், ஆளுக்கொரு பிரேக் என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் நெடுநாள் அப்படித் தோன்றியது. ஆனால் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. ஒவ்வொரு ரேக்கும் முந்தைய ரேக்கின் பாதிப்பு இல்லாமல் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டால், இத்தனை ரேக் முதலில் எடுப்பவர் வெற்றி என்ற ஆட்டத்தில், ஜெயித்தவர் பிரேக் முறையிலும் மாற்றுப் பிரேக் முறையிலும் ஒருவர் ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு ஒரு புள்ளிகூட மாறுவதில்லை. இரண்டு ரேக் ஆட்டத்துக்கு உங்கள் மகனே பத்து நிமிடத்தில் பெருக்கிக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மாறுவது வெற்றியின் வித்தியாசம்தான்: மாற்றுப் பிரேக்கில் 9-7 என்று முடிந்திருக்கக்கூடியது, இதில் 9-3 என்று கொடூரமாகத் தெரியும்.

இது வரைக்கும் உறுதி. இனி வருவது சந்தேகத்துக்குரியது. ரேக்குகள் உண்மையிலேயே ஒன்றையொன்று பாதிப்பதில்லையா? நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்து, கை குளிர்ந்துபோய், அரங்கமே எதிராளிக்குக் கைதட்டிய பிறகு எழுந்து வருபவரின் முதல் அடி, தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பவரின் அடியைப் போலவே இருக்குமா? இருக்காது என்று என் கண் சொல்கிறது. எழுந்து வந்த முதல் அடியில் எளிய பந்தைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மாதிரித் தவறுகள்தான் நினைவில் தங்கும், சரியாக அடித்தவை தங்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இதைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் தரமானவர் ஒவ்வோர் ஆண்டும் பட்டம் பெறுவார் என்று சொல்ல முடியாது. ஓர் ஆட்டத்தில் 80 விழுக்காடு வாய்ப்பு உள்ளவர், 64 பேர் கட்டத்திலிருந்து ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயிக்க உள்ள வாய்ப்பு நூற்றுக்கு 26தான். சாம்பியன்களின் பட்டியலும் இதையே சொல்கிறது. 2010 தொடங்கி 2019 வரை பத்துப் போட்டிகளில் பத்து வெவ்வேறு பேர்: பிரான்சிஸ்கோ புஸ்டமன்டே, யுகியோ அகாகரியாமா, டேரன் ஆப்பிள்டன், தோர்ஸ்டன் ஹோமன், நீல்ஸ் ஃபெய்யன், கோ பின்-யி, ஆல்பின் ஓஷன், கார்லோ பியாடோ, ஜோஷுவா ஃபில்லர், கோர்ஸ்ட். இதைக் காட்டினால் அப்பச்சி 'பார்த்தாயா, ஏலச்சீட்டு மாதிரி ஆளுக்கொரு வருடம்' என்பார். அப்போது அதே பட்டியலை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக் காட்டுங்கள். 1990இல் ஜெர்மனியின் பெர்க்ஹைமில் நடந்த முதல் போட்டியில் ஜெயித்த ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் 1991இலும் 2002இலும் ஜெயித்தார். ஹோமன் 2003இலேயே ஒரு முறை ஜெயித்தவர். ஓஷன் 2016இலும் 2021இலும், கோர்ஸ்ட் 2019இலும் 2024இலும், பியாடோ 2017இலும் 2025இலும். குலுக்கல் சீட்டில் 128 பேருக்குள் ஒரே பெயர் இவ்வளவு முறை திரும்பி வராது. யார் இந்த வருடம் என்பதில் அதிர்ஷ்டம் இருக்கிறது. யாருக்குள்ளே என்பதில் இல்லை.

அந்த வட்டத்துக்குள் நுழைய என்ன வேண்டும் என்பதற்கு என் தொழில் வழியாகவே பதில் சொல்கிறேன். போட்டி மேசையின் ஆடுபரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். கல் மூன்று துண்டாக வரும். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு துண்டையும் சமன் செய்து, இணைப்பில் தேன்மெழுகு ஊற்றி, ஆறியதும் சுரண்டி, விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் கோடு தெரியக்கூடாது. பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலம் என்றால் சரியாக இரண்டு பந்துகள் பக்கம் பக்கமாக நிற்கும் அகலம். அண்மைய பெரிய போட்டிகள் சிலவற்றில் அதை 4 அங்குலமாகச் சுருக்கியிருக்கிறார்கள். இரண்டு பந்துகளை வைத்தால் இரண்டாவது முகப்பில் இடிக்கும். நம் பக்கத்துப் பார்லர்களில் நான் துணி மாற்றிய பூல் மேசைகள் பெரும்பாலும் இதைவிடச் சிறியவை; பாக்கெட்டுகளும் தேய்ந்து ஐந்து அங்குலத்துக்கு வாயைப் பிளந்திருக்கும். அதில் பந்து பக்கவாட்டில் முட்டிக்கொண்டே உள்ளே போய்விடும். பையன் தன் அடி துல்லியம் என்று நினைத்துக்கொள்வான். உண்மையில் அது பாக்கெட்டின் தாராளம். (நம் ஊர்ப் பெரிய வீடுகளின் கண்ணாடிகள் பெல்ஜியத்திலிருந்து வந்தவை என்று பெருமையாகச் சொல்வோம் அல்லவா? உலகப் போட்டிகளில் உருளும் பந்துகளும் பெரும்பாலும் பெல்ஜியத்துச் சரக்குதான்.)

பந்தைப் போடுவது பாதி வேலைதான். 1ஐப் போடும்போதே வெள்ளைப் பந்து 2க்கு எந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும், அங்கிருந்து 3க்கு எப்படிப் போகும் என்று மூன்று பந்து தள்ளி யோசிப்பதுதான் ஆட்டம். போட வழியில்லாதபோது எதிராளிக்கும் வழியில்லாமல் வெள்ளைப் பந்தை ஒளித்து வைப்பது இன்னொரு கலை; பார்லர் பையன்கள் இதைக் கோழைத்தனம் என்று நினைத்துப் பழகுவதே இல்லை. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸ் சிறு வயதில் மணிலாவில் தன் மாமாவின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை பார்த்து, இரவில் மேசை மேலேயே தூங்கி வளர்ந்தவர். நான் மார்க்கர் வீட்டுப் பிள்ளை என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1995இல் அமெரிக்காவின் ரீனோவில் ஸ்ட்ரிக்லண்ட் அவருக்கு 5ஆம் பந்தை முழுவதுமாக மறைத்து வைத்தார். ரெயஸ் வெள்ளைப் பந்தை இரண்டு குஷனில் முட்டித் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத 5ஐத் தொட்டதோடு அதைப் பாக்கெட்டிலும் போட்டார். பார்த்தவர்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். குஷனின் கோணங்களை இருபது முப்பது வருடம் எண்ணிப் பழகிய ஒருவருக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் அடிக்கடி வந்தது. 1999இல் கார்டிஃபில் நடந்த போட்டியில் அவர் உலகப் பட்டம் வென்றார்.

பிழைப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2024 ஜெட்டா போட்டியின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், அதில் சாம்பியனுக்கு 2,50,000. இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்; தொடக்கச் சுற்றுகளில் வெளியேறுபவருக்கு விமானக் கட்டணமும் தங்கும் செலவும் போக அதிகம் மிஞ்சாது. இந்தியாவில் வேர் பிடித்தது ஸ்னூக்கரும் பில்லியர்ட்ஸும்தான். ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, நம் ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பெற்ற ஆட்டம். பயிற்சியாளர்களும் மாநிலப் போட்டிகளும் அந்தப் பக்கம் அதிகம். கியூ விளையாட்டுகள் 1998 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இருந்தன, பிறகு எடுத்துவிட்டார்கள். படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்குவதற்கு நான் ஒருபோதும் யோசனை சொல்ல மாட்டேன்.

உங்கள் மகனின் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே அவன் எட்டுவானா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் இதை 'கோஸ்ட்' என்பார்கள், பேயோடு ஆடுவது. தனியாகப் பிரேக் அடிக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து, 1 முதல் 9 வரை வரிசையாக முடிக்க வேண்டும். முடித்தால் அவனுக்கு ஒரு ரேக், ஓர் அடி தவறினாலும் பேய்க்கு ஒரு ரேக். ஒன்பது ரேக் முதலில் எடுப்பவர் வெற்றி. பேய்க்கு ஃப்ளூக்கும் கிடையாது, பதற்றமும் கிடையாது. உலகப் போட்டிக்குப் போகிறவர்கள் இந்தப் பேயைச் சர்வசாதாரணமாக ஜெயிப்பார்கள். பார்லர் மேசை வேண்டாம். மதுரையிலோ திருச்சியிலோ நாலரை அங்குலப் பாக்கெட் உள்ள ஒன்பது அடி மேசையைத் தேடி, மாதம் இரண்டு முறை அழைத்துப் போங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எண்ணிக்கையைக் குறிக்கச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்கு. முதல் மாதங்களில் 1-9, 2-9 என்றுதான் வரும், அதற்காகத் திட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் துணி ஈரம் வாங்கிப் பந்து கனமாக ஓடும், அப்போது எண்ணிக்கை இறங்கும். அதையும் ஓரத்தில் எழுதி வைக்கட்டும். நோட்டை அப்பச்சியிடமே கொடுத்து வையுங்கள். பேரேடு படித்தவர், பற்றா வரவா என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.